மூடியில் சந்தனம்

பாதி உழவில் டிராக்டர் மறுபடியும் நின்றது. கோடை மழையின் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயை ஊதி, கை பம்பை அடித்துக் குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றிப் பார்த்துவிட்ட மெக்கானிக் சாதிக், கடைசியாக டேங்க் மூடியைத் திருகினான். மூச்சு முட்டிக் கிடந்த யாரோ காற்றை இழுப்பதுபோல் உள்ளே உஸ்ஸென்றது. மூடியின் காற்றுத் துளையை அடைத்துக்கொண்டு ஆயுத பூஜைச் சந்தனம் கல்லாய் இறுகியிருந்தது.

"இதுதாங்ண்ணா. உள்ள காத்துப் போகாம டீசல் எப்படி எறங்கும்? ஒரு குண்டூசி போதும்."

"மூடியத் தொறந்தா ஓடும்னு எனக்குத் தெரியும்" என்றார் வண்டிக்காரர் பொங்கியண்ணன்.

"தெரிஞ்சுமா இத்தன நாளா என்னைய அலைய வெச்சீங்க?"

அவர் மூடியை வாங்கி வெயிலுக்குக் காட்டினார். சந்தனத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை சுழி சுழியாய் அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பூஜைக்குப் பொட்டு வைத்தவள் அவர் மனைவி செங்கமலம். தீபாவளிக்கு அவள் இல்லை.

சாதிக் ஒரு குண்டூசியை எடுத்து அவரிடம் கொடுத்தான். மூடியை வாங்கிப் போட்டு இறுக்கி வண்டியைக் கிளப்பினான். "ஓடறப்பவே குத்துங்ண்ணா. அடைப்பு விட்டா சத்தத்துலயே தெரிஞ்சுரும்."

பொங்கியண்ணன் ஊசியோடு ரேகையின்மேல் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். இஞ்சின் சத்தம் மெல்லக் கம்மத் தொடங்கியது.

"நிக்கப்போகுதுங்ண்ணா, குத்துங்க" என்றான் சாதிக், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.