கரையாத கட்டி

விவசாயிகள் சங்கக் கூடத்து மேசையில், யார் மண் மழைக்குக் கரையாமல் தாங்கும் என்று பார்க்க, இரண்டு கண்ணாடிக் குடுவைகள். தண்ணீருக்குள் ஜன்னல் வெயில் நெளிகிறது. நாலு தடவை உழுத பிறகே விதைப்பதால் 'நாலுழவு' என்று பெயர் வாங்கிய விவசாயி, ஒன்றில் தன் வயல் மண்கட்டியைப் போடுகிறார். இரண்டு வருஷமாக உழாமலே விதைக்கும் மச்சானின் கட்டி மற்றதில். அந்த மச்சானைச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னவர் இவர்தான். ஏமாற்று வேலை கூடாதென்று இரண்டையும் இவரே தோண்டிக் கொண்டுவந்திருக்கிறார். இவருடைய கட்டி பொலபொலவென்று உதிர்கிறது. தண்ணீர் பழுப்பாகிறது, மழைக்கு மழை இவர் வயலின் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலில் ஓடுகிற அதே பழுப்பு. மச்சானுடையதோ நூல்போல ஒரு வேரை நீட்டிக்கொண்டு, குமிழிகளை மட்டும் மேலே விட்டபடி, முழுசாக நிற்கிறது. கூடத்திலிருந்த நாற்பது பேரும் மேசையைச் சுற்றி நெருங்குகிறார்கள்.

"மச்சான்," என்கிறார் நாலுழவு, குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உழாம விதைக்கிற சங்கத்து மெஷினு அடுத்து யார் வயலுக்குப் போகுது?"