கண்ணாடியை விடாத கன்னம்

தட்டில் பானைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பக்கத்தில் நின்று மூச்சு விட வேண்டாம் என்றான் இஸ்ரவேல். நான் விடும் மூச்சில் தண்ணீர் ஆடுமாம்.

நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்பதால் எதையும் விளக்காமல் செய்ய மாட்டான்.

தண்ணீருக்குள் இரண்டு மரச்சில்லுகள் மேல் ஒரு கண்ணாடி. அதன் அடியில் என் மகன் தாணுவின் படம்.

ஐம்பத்திரண்டில், சுசீந்திரம் தேரோட்டத்தில், ஊர் ஊராகப் போகும் ஒருவர் எடுத்தது. அவனுக்கு அப்போது இரண்டரை வயது. அடுத்த ஆடியில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. வேறு படம் கிடையாது. எடுத்தவரையும் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மூன்று வருடம் சுவரில் இருந்த படம். நேற்று தாணுவின் முகத்தில் கறுப்பாய் ஒரு திட்டைப் பார்த்துச் சட்டத்தைக் கழற்றினேன். பின்பக்கத்து ஆணிகள் விரலுக்கே கழன்று வந்தன. மரம் உளுத்துவிட்டது என்று நினைத்தேன்.

படத்தின் நான்கு ஓரமும் எழும்பியது. முகம் மட்டும் கண்ணாடியை விட்டு வரவில்லை. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் தாள்தான் மிஞ்சும்.

மனைவி சொர்ணம்மாளிடம் சொல்லவில்லை. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்று தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பித்தம் என்றார் வைத்தியர். சொன்னாலும் என்ன ஆகப்போகிறது? பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை. அவள் நெஞ்சு கருங்கல் என்று என் அக்காவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பாவி இதில் பசை தேய்த்தான் என்று இஸ்ரவேலிடம் கேட்டேன்.

"பசை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. படத்து மேல பூசியிருக்கது நனைஞ்சா எளகும். கண்ணாடியில உள்ள மேடு பள்ளத்துல எல்லாம் போய் இருந்துக்கிடும். அவ்வளவு கிட்ட போயிட்டா, மூலக்கூறும் மூலக்கூறும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிடும். நடுவுல தண்ணி நுழைஞ்சாத்தான் விடும்."

நெருக்கம் மட்டும்தானா? வேறு ஒன்றுமே இல்லையா? எனக்கு நம்ப முடியவில்லை.

ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு தண்ணீர் நுழைந்தது. நெற்றி விட்டது. மூக்கு விட்டது. இடது கன்னம் விடவில்லை.

கண்ணுக்கே தெரியாத துகள்கள். இரண்டு மூட்டை நெல்லைத் தூக்குகிற என் கையால் ஆகாததை அவை செய்துகொண்டிருந்தன. சந்நிதியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு, யாரும் தொடாமலே, கன்னமும் விட்டது. தாணு முழுசாகத் தண்ணீருக்குள் இறங்கினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தக் கன்னத்திலிருந்து மெல்லிய சிவப்பு ஒன்று பிரிந்து தண்ணீரில் பரவியது.

இஸ்ரவேல் அதை விரலால் தொட்டு முகர்ந்தான்.

"மழை ஈரம்னா ஓரத்துலேர்ந்துல்லா ஏறும்? இது வெத்திலைச் சாறு. வீட்டுல ஆரு அண்ணாச்சி வெத்திலை போடுவா?"

நான் போடுவதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆணிகள் ஏன் விரலுக்குக் கழன்றன என்று புரிந்தது. பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்காததும் புரிந்தது. அவள் கைக்கும் படம் கண்ணாடியை விட்டு வராமல் போய் அன்றைக்குப் பத்து நாள் இருக்கும்.

நான் வயலுக்குப் போன பகல்களில் சட்டத்தைத் திறந்து அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுத்திருக்கிறாள்; ஒரே கூரைக்கு அடியில், மூன்று வருடம். எனக்குத் தெரியவே இல்லை. அவளை நினைக்க வியப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது.

இஸ்ரவேல் படத்தை உலர வைத்தான். இனிமேல் கண்ணாடி படாதபடி நடுவே அட்டை விளிம்பு வைப்பதாகவும், பின்பலகையை நல்ல ஆணியாக அடித்து, யாரும் திறக்க முடியாமல் செய்துவிடுவதாகவும் சொன்னான்.

"அட்டை வையி. ஆணி வேண்டாம் தம்பி, கொக்கி போடு. தொறந்தா சத்தம் கேக்காத கொக்கி."