ஒரு ஆளுக்கு

ஆவடிப் பாத்திரக் கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வரும் பகல் வெயில், அடுக்கிவைத்த எவர்சில்வர் மூடிகளில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. ரேணுகா அந்தச் சின்ன மின்கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அடியில் தண்ணீர் ஊற்றினால் முட்டை அவியும், நடுத்தட்டில் இட்லி வேகும், தட்டை எடுத்துவிட்டால் அடியிலேயே ஆம்லெட். ரயிலில் போகிற பெட்டியிலும் அடங்கும், ஒற்றை அறையிலும் அடங்கும். பக்கத்தில் நிற்கும் கணவன் கோகுல்நாத்துக்கு ஜபல்பூர் தொழிற்சாலைக்கு மாற்றல். கூடவே போவதற்காக அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் பார்த்த வேலையை நேற்றுதான் விட்டாள். ராஜினாமாக் கடிதத்தில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தது அவன்தான்.

"எத்தினி பேருக்குக்கா?" என்கிறாள் கடைப்பெண்.

"ரெண்டு பேருக்கு" என்கிறாள் ரேணுகா. அதே நேரத்தில் அவன் "ஒரு ஆளுக்கு" என்கிறான். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுகிறது. பாத்திரங்களில் கட்டியிருக்கும் விலைச்சீட்டுகள் படபடக்கின்றன. அவன் குக்கர்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். "நீ இங்கியே குவார்ட்டர்ஸ்ல இருக்கப் போறன்னு ஆபீஸ்ல போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன் ரேணு. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

ரேணுகாவின் விரல் இட்லித்தட்டின் குழிக்குள் ஒருமுறை சுற்றி வருகிறது. பிறகு தட்டை உள்ளே வைத்து, சத்தம் வராமல் மூடுகிறாள்.

"அவரு சொன்னதையே குடும்மா. ஒரு ஆளுக்கு. ஆனா ரெண்டு எடு" என்கிறாள். "தனித்தனிப் பையில போடு."