கணக்கு டீச்சர் படுத்திருக்கிறார்

"பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். நேரில் வந்து பார்த்தால் தெரியும்."

கையெழுத்து இல்லாத புகார். படித்ததுமே பள்ளி ஆய்வாளருக்கு ரத்தம் கொதித்தது. இருபது வருடமாக யாருக்கும் சலுகை காட்டாத மனிதர். அவர் இல்லாதபோது அலுவலகத்தில் அவரைச் சொல்லும் பெயர் 'சிவப்பு மை'.

யாருக்கும் சொல்லாமல் கிளம்பினார். தலைமையாசிரியர் அறைப் பக்கம்கூடத் திரும்பாமல், நேராக ஆறாம் வகுப்பின் ஜன்னலோரம் போய் நின்றார்.

புகார் பொய்யில்லை. கரும்பலகைக்குக் கீழே டீச்சர் மல்லாந்து படுத்திருந்தார். கால் இரண்டும் ஒரு நாற்காலியின் மேல். கண்கள் மூடியிருந்தன.

'வசமாக மாட்டினார்' என்று கதவுப் பக்கம் நகர்ந்தவருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை.

பலகையில் ஒரு சிறுமி வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நில்லும்மா," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே. "அங்க ஏழு வரணும். நீ ஒண்ணு போட்டிருக்கே."

சிறுமி திரும்பிப் பார்த்தாள். "எப்படி டீச்சர்?"

"சாக்பீஸ் ஒரே இழுப்புல நின்னுடுச்சே! ஏழுன்னா ஒரு தடவை திரும்பியிருக்கணும்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டு ஏழு போட்டாள்.

"மூணாவது பெஞ்சுல யாரு பக்கத்து நோட்டைப் பாக்கிறது? ரெண்டு பென்சிலும் ஒண்ணாவே நிக்குது, ஒண்ணாவே ஓடுது."

வகுப்பே சிரித்தது. மூணாவது பெஞ்சு அசடு வழிந்தது.

ஆய்வாளர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்காத எத்தனை எத்தனை ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார்!

உள்ளே வந்தார். பிள்ளைகள் சட்டென்று எழுந்தார்கள். டீச்சரால் அப்படி எழ முடியவில்லை. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, மூச்சை அடக்கி நிமிர்ந்து நிற்க முழுதாக அரை நிமிடம் ஆனது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. பிள்ளைகள் யாரும் ஓடி வந்து தாங்கவில்லை; மூச்சுகூட விடாமல் காத்திருந்தார்கள். அவர் நின்ற பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார். வணக்கம் சொல்ல லேட்டாயிடுச்சு."

'இது வகுப்பறையா, படுக்கையறையா?' என்று கேட்கத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். வாயில் வந்தது வேறு.

"உடம்புக்கு என்ன டீச்சர்?"

"முதுகுல நரம்பு வலி. பதினோரு வருஷமாச்சு. ரெண்டு ஆபரேஷன் பண்ணியும் போக மாட்டேங்குது. சரி, போகாத விருந்தாளி, விரட்டிப் பிரயோஜனமில்லைன்னு அதோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டேன். பதினஞ்சு நிமிஷம் நான் நிப்பேன். அடுத்த பத்து நிமிஷம் அது சொல்றபடி படுப்பேன். நிக்கிறப்போ புதுப்பாடம். படுக்கிறப்போ பிள்ளைங்க முறை. காது பழக ஒரு வருஷம் ஆச்சு."

"மாத்திரை ஏதாவது..?"

"சாப்பிட்டா வலி குறையும் சார். கூடவே கணக்கும் மறந்துடும்." சிரித்தார். "அதனால ராத்திரிக்கு மட்டும்தான்."

"இப்ப வலிக்குதா?"

"வலிக்காத நேரம்னு தனியா ஒண்ணு இருக்கா என்ன?"

அதைக்கூடச் சிரித்தபடிதான் சொன்னார். ஆய்வாளர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க மேல எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் டீச்சர். யாருன்னு மட்டும் தெரியட்டும், சும்மா விடமாட்டேன்."

"விட்டுடுங்க சார். எழுதினது நான்தான்."

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தலைமையாசிரியர் நல்லவர், கண்டும் காணாம விட்டுட்டார். அடுத்து வர்றவர் எப்படியோ? அதான் எழுத்துல அனுமதி கேட்டு நாலு வருஷத்துல ஆறு விண்ணப்பம் அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்ல. புகார் ஒண்ணுதான் போட்டேன். ஒன்பதாம் நாள் நீங்களே நேர்ல வந்துட்டீங்க."

ஆய்வாளரின் தலை தானாகக் குனிந்தது. 'பிறகு பார்க்கலாம்' என்று அந்த விண்ணப்பங்களை ஓரம் கட்டிய கை அவருடையதுதான்.

அங்கேயே டீச்சரின் மேசையில் உட்கார்ந்து உத்தரவை எழுதத் தொடங்கினார். பெயர் எழுதும் இடம் வந்ததும் டீச்சர் தடுத்தார்.

"என் பேரு வேணாம் சார். 'தீராத வலி உள்ள எந்த ஆசிரியரும்'னு போட்டுடுங்க."

"ஏன்? கேட்டது நீங்கதானே?"

"எனக்கு இந்த மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட்."

பேனா நின்றது. "அப்போ இவ்வளவும் யாருக்காக?"

டீச்சர் சுவரைக் காட்டினார். அந்தப் பக்கத்து வகுப்பில் ஓர் இளம் குரல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு இருபத்தெட்டு வயசு. இதே வலி. படுத்தா சோம்பேறின்னு சொல்லிடுவாங்களோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நாள் பூரா நிக்குறா. போன மாசம் ராஜினாமாவே எழுதிட்டா. தலைமையாசிரியர்கிட்ட போறதுக்குள்ள நான் பிடுங்கி வெச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா கிழிச்சுடுவேன்."

சிவப்பு மை எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.