பன்னி விழாத ரைஃபிள்

"ஒரு பன்னி. ஒரே ஒரு பன்னியாவது விழுந்துச்சான்னு கேளுங்க சார் இவரை!"

காபி டம்ளரை வைத்துவிட்டு, காந்திமதி தன் கணவர் கோதண்டபாணியைக் கையால் காட்டினாள்.

பாண்டுரங்கன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

திண்டிவனத்தில் அவருக்கு ரைஸ் மில்லும், ஊருக்கு வெளியே வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடும் நிலமும் உண்டு. துப்பாக்கி லைசென்ஸும் உண்டு. துப்பாக்கிதான் இல்லை. பழசு ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, கூட்டேரிப்பட்டு தாண்டி இந்த ஊருக்குக் காரில் வந்திருந்தார். ஹாலில் அதை மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று.

"துப்பாக்கி நல்லா இருக்குங்க" என்றார்.

"ரைஃபிள்" என்று திருத்தினார் கோதண்டபாணி. "குழலுக்குள்ள மரை ஓடுது பாருங்க. அது இருந்தாத்தான் ரைஃபிள். துப்பாக்கின்னா திருவிழாவுல பலூன் சுடறதும் துப்பாக்கிதான்."

"ரைஃபிளோ ரம்பமோ, பன்னிக்கு ஒண்ணும் ஆவல. ஏரிக்கரைதான் சல்லடையாப் போச்சு. மல்லாட்டை காய் பிடிச்சு, காட்டுப்பன்னி இறங்கினா போதும், சாயங்காலமானா இதைத் தூக்கிக்கினு கொல்லை கொல்லையா சுத்துவாரு. கரையில ஒரு வெடி வெச்சிட்டு வீட்டுக்கு வந்துடுவாரு" என்றாள் காந்திமதி.

"குண்டு எங்கியாவது போய் நிக்கணும் இல்ல? கரையில நின்னா யாருக்கும் சேதாரமில்ல."

"எலெக்‌ஷன் வந்துட்டா இன்னும் பேஜாரு சார். அவனவன் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வேலையைப் பார்க்கறான். இவரு பட்டு வேட்டி கட்டிக்கினு, பொட்டு வெச்சிக்கினு, பொண்ணழைப்புக்குப் போற மாதிரி போவாரு."

"பொட்டு ரைஃபிளுக்குடி. எனக்கில்ல."

கோதண்டபாணி கொஞ்சமும் கூசவில்லை. பாண்டுரங்கனுக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. ஒருவரை எடை போட ஒரு காபி குடிக்கும் நேரம் போதும் என்பது அவருடைய நம்பிக்கை. காபி பாதி இருக்கும்போதே எடை போட்டுவிட்டார்: வெறும் ஜம்பம்.

"நீங்க எடுத்துக்கினு போங்க சார். கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு. லைசென்ஸைப் புதுப்பிக்க விழுப்புரத்துக்கு இனிமே இவரால அலைய முடியாது."

"கலெக்டர் ஆபீஸ் அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா. இவ்வளவு அருமையான சாமான், குறி தெரிஞ்சவங்க கையில இருந்திருக்கணும். பாவம்!"

கோதண்டபாணி நிமிர்ந்தார். "எனக்குக் குறி தப்பினதில்ல."

காந்திமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் பைக் நின்றது. பக்கத்து நிலத்துக்காரன் ஜெகதீசன் செருப்பைக்கூட விடாமல் உள்ளே வந்தான்.

"மாமா, நெஜமாவே விக்கிறீங்களா?"

"உங்க அத்தை வித்துட்டா. நான் இன்னும் யோசிச்சிக்கினு இருக்கேன்."

ஜெகதீசன் பாண்டுரங்கன் பக்கம் திரும்பினான். "எதுக்கு சார் வாங்கறீங்க? பன்னி சுடவா? இதுல பன்னி விழாது."

"அதைத்தான் அம்மாவும் சொல்றாங்க."

"இவரு பன்னியைப் பார்த்துச் சுட்டாத்தானே விழும்? ஒரே ஒரு தடவை குறி வெச்சுச் சுட்டாரு. வாங்க, காட்டறேன்."

தோட்டத்து வாசலில் நின்று கையை நீட்டினான். தூரத்தில், வயல் மூலையில் ஒரு கல்தூண் விரல் உயரத்துக்குத் தெரிந்தது.

"அது என் கொல்லை சார். பன்னித் தொல்லை தாங்காம, சுத்தி கம்பி கட்டி மோட்டார் கொட்டாயில இருந்து கரண்ட் குடுத்தேன். மனுசாள் நடக்கிற வரப்பு, வேணாண்டான்னாரு. நான் கேக்கல. இங்க நின்னுக்கினே ஒரு வெடி வெச்சாரு. தூண் மேல கம்பி ஓடின பீங்கான் தூள்தூளாப் போச்சு. கம்பி அறுந்து விழுந்து, ஃப்யூஸும் போச்சு."

பாண்டுரங்கன் தூணையே பார்த்தார்.

"மறுநாள் விடியக்காலையில மல்லாட்டை பறிக்க வந்த வீரம்மா அந்த வரப்புலதான் தடுக்கி விழுந்தா. காலுல சுத்திக்கினு இருந்தது என் கம்பிதான். கரண்ட் இல்லாத கம்பி."

ஜெகதீசன் நீட்டிய கையை இறக்கினான்.

"அன்னிக்கே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாரு. எவனும் கம்பி கட்டக்கூடாது, பன்னி விரட்டறது என் பொறுப்புன்னு. சத்தத்துக்குப் பன்னி ஓடும், சில நாள் ஓடாது. ஆனா எங்களுக்குக் கம்பி கட்ட மனசு வரல. சுத்துப்பட்டுல கரண்ட் வேலியில போனவங்க எத்தினியோ பேரு. எங்க ஊருல ஒருத்தர் இல்ல சார். ஒருத்தர்!"

ஏதோ தானே சாதித்ததுபோல மார்பை நிமிர்த்தினான்.

"அதனாலதான் எனக்குக் கோவமே" என்றாள் காந்திமதி. "பெத்த பொண்ணு வீட்டுல ஒரு பொழுது தங்கினதில்ல. சாயங்காலமானா பஸ்ஸேறிடுவாரு."

"நம்மளை நம்பித்தானே கம்பியைக் கழட்டினாங்க?" என்றார் கோதண்டபாணி. மீசையைத் தடவிக்கொள்ளவும் மறக்கவில்லை.

பாண்டுரங்கன் உள்ளே போய் ரைஃபிளை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் அதை அவரிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க."

"அப்ப விழுப்புரத்துக்கு யாரு அலையறது?" என்றாள் காந்திமதி.

"நான் கூட்டிக்கினு போறேன் அத்தை. சாயங்கால ரவுண்டுக்கும் கூடப் போறேன். நீங்க மாமாவைத் திட்டறதை மட்டும் விட்டுடாதீங்க, எங்களுக்குப் பொழுது போவாது" என்றான் ஜெகதீசன்.

முதல் தடவையாக அவளும் சிரித்தாள்.

பாண்டுரங்கன் காரை எடுத்தார். கூட்டேரிப்பட்டு வரைகூடப் பொறுக்கவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, தன் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தாண்டவராயனுக்குப் போன் போட்டார்.

"தாண்டவராயா, பொழுது சாயறதுக்குள்ள நம்ம வேலிக் கம்பியில இருக்கிற கரண்டைப் பிடுங்கிடு... ஆமாய்யா, நான்தான் குடுக்கச் சொன்னேன். இப்ப நான்தான் பிடுங்கச் சொல்றேன். பன்னி வந்தா தின்னுட்டுப் போவட்டும்!"