டெல்டா நிலவரம்

"பின்னாடி குடோன்ல மூட்டை வெச்சது வெச்சபடி கெடக்கு. அந்தக் கம்பெனி பங்கையே போய் வாங்கப்போறேங்கிறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்டாள் மனைவி அம்சம்.

வீரையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீடாமங்கலம் கடைத்தெருவில் இருபது வருஷமாக உரக்கடை நடத்துகிறவர். பசுங்கதிர் கம்பெனியின் பயிர்க் குருணை உரத்தை முந்நூறு மூட்டை இறக்கியிருந்தார். நன்றாக விற்கிற வியாபாரியைக் கம்பெனி செலவிலேயே பாங்காக் அழைத்துப் போவார்களாம். அதற்காகப் பாஸ்போர்ட் எடுத்து, கறுப்புக் கண்ணாடியும் வாங்கியாயிற்று. ஐப்பசியில் ஒரு பெண் போனில் விற்பனை எப்படி என்று விசாரித்தபோது, டூர் காரியம் என்று நினைத்து, கேட்டதற்கெல்லாம் வாய் நிறையப் பதிலும் சொல்லி வைத்திருந்தார். குருணைதான் நகர மறுத்தது. போன வருஷம் அதைப் போட்டவர்கள் வயலில் நெல்லைவிடக் கோரைதான் கொழுகொழுவென்று வந்ததாக ஊரில் பேச்சு.

இப்போது எதிர்க்கடை ஷேக் பரீத் தன் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். செல்போன் கடை அவருக்குச் சாக்கு, பங்குச்சந்தைதான் தொழில். மும்பையில் இருக்கும் பங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அதைப் போட்டிருந்தது. டெல்டாவில் பசுங்கதிர் குருணைக்கு அடிதடி, சம்பா விவசாயிகள் கடை வாசலில் காத்துக் கிடக்கிறார்கள், பங்கு விலை இரண்டு மடங்காகும் என்று கண்டிருந்தது. விஷயம் வெளியே போகக்கூடாது, நம்மைப்போல நாலு பேருக்குத்தான் தெரியும் என்று பரீத் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் எண்ணூறு பேர் இருந்தார்கள்.

"மும்பைக்காரன் நம்ம ஊரு வயல்ல எறங்கிப் பார்த்தானா?" என்றாள் அம்சம்.

"கள ஆய்வுன்னு போட்டிருக்கான். படிச்சவன் சும்மா எழுதுவானா? மத்த கடையிலெல்லாம் பறக்குது. நம்ம கடை ராசிதான் இப்படி."

"மன்னார்குடியில எங்கண்ணன் கடையிலயும் ஓடலியே."

"உங்கண்ணன் கடையில உப்பு வித்தாலும் ஓடாது."

அம்சத்தின் அண்ணன் மகளுக்குத் தையில் திருவாரூரில் கல்யாணம். அதற்குள் மீட்டுத் தருவதாகச் சொல்லி, அவள் தாலிச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போய் பாங்கில் அடகு வைத்தார் வீரையன். தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது. வந்த பணம் முழுவதும், பரீத் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியதில், பசுங்கதிர் பங்காயிற்று.

மூன்று நாள் விலை ஏறியது. கல்லாவிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாலாம் நாள் இறங்க ஆரம்பித்தது, மார்கழி பாதிக்குள் பாதியாகிவிட்டது. விற்றால் சங்கிலி திரும்பாது. "இன்னொரு நல்ல அறிக்கை வரட்டும்ணே, எகிறிடும்" என்று பரீத் தேறுதல் சொன்னார். எண்ணூறு பேருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்சம் சண்டை போடவில்லை. குடோனில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, "நாத்தனார் வந்திருக்கா பாருன்னு எல்லாரும் கழுத்தைத்தான் பார்ப்பாங்க. மஞ்சக்கயித்தோட போய் நிக்கறேன், பார்த்துக்கட்டும்" என்றாள்.

அப்போது போன் அடித்தது. ஐப்பசியில் பேசிய அதே பெண்.

வீரையனுக்கு உயிர் வந்தது. "சொல்லும்மா. பாங்காக் என்னைக்கு?"

"பாங்காக்கா?" அந்தப் பெண் குழம்பினாள். "நான் மும்பையில பங்கு ஆராய்ச்சிக் கம்பெனியிலேருந்து பேசறேன் சார். அன்னைக்கே சொன்னேனே. மத்த கடைக்காரங்கல்லாம் பாதியில வெச்சிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பொறுமையா எல்லாம் சொன்னீங்க. அதைத்தான் டெல்டா நிலவரம்னு அப்படியே போட்டோம். அடுத்த அறிக்கை எழுதணும். குருணை இப்ப எப்படி சார் போகுது?"

வீரையன் திரும்பிப் பார்த்தார். உத்தரம்வரை அடுக்கிய முந்நூறு மூட்டை. அதில் ஒன்றின்மேல் மஞ்சள் கயிற்றோடு அம்சம்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குருணையா? கைவசம் ஒரு மூட்டை கூட இல்லம்மா. விடியறதுக்குள்ள வாசல்ல டிராக்டரா வந்து நிக்குது. எழுதிக்க."