சக்கரத்துக்கு வைத்த பழம்

ஆயுத பூஜை முடிந்தது. வழக்கமாகச் சக்கரத்தை ஒட்டி வைக்கும் எலுமிச்சம்பழத்தை வான்மதி பத்தடி தள்ளித் தெருவில் வைத்தாள். போன வாரம் காரை ஏற்றிப் பால்காரரின் காலை ஒடித்த அப்பா சபாநாயகம், எண்பது வயதில், "அவன்தான் குறுக்க வந்தான்" என்றே இன்னமும் சாதிக்கிறார்.

"இதுமேல ஏத்துங்கப்பா. ஏத்திட்டா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கே டெஸ்ட் வைக்கிறியா நீ?"

கத்திக்கொண்டே காரைக் கிளப்பினார். சக்கரம் பழத்தை விட்டு ஒரு முழம் விலகிப் போயிற்று. இறங்கி வந்து, குனிந்து தேடி, பழத்தைச் செருப்புக் காலால் நசுக்கினார்.

"ஏறிடுச்சு. போதுமா?"

வான்மதி விடுவிடுவென்று காருக்கு எதிரே போய் நின்றாள்.

"இப்ப நான்தான் பழம். இடிக்காம நிறுத்துங்க பாப்போம்."

அவர் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். ஹாரன் அலறியது. அவள் நகரவில்லை. கியர் விழும் சத்தம் கேட்டது.